ரங்கூன் வீட்டில் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை

ரங்கூனிலும் பெகுவிலும் தட்டோனிலும் மௌல்மீனிலும் இருக்கும் நம் வீடுகளில் பிள்ளைகள் தமிழை வாயால் பேசிவிடுகிறார்கள். திருமணப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதன் பிறகு கோயில் மண்டபத்து விடுமுறை வகுப்பும் வீட்டுக் கூடமும்தான் தமிழ் எழுத்துக்கு மிஞ்சிய இடங்கள். மார்ச் முதல் மே வரை கோயில் வகுப்பில் கற்றதை, ஜூன் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களில் பிள்ளை மறந்துவிடுகிறது. ஆகவே எழுத்தை ஆண்டு முழுவதும் பிள்ளையின் கையில் தங்கவைக்கும் பொறுப்பு வீட்டில் உள்ளவர்களுடையது. அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் கோயில் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கும் சொல்லிக்கொடுத்ததில் எனக்குக் கைவந்த முறையை இங்கே எழுதுகிறேன். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

பர்மிய எழுத்து தரும் உதவி

பள்ளியில் 'கஜீ, ககுவே' என்று பர்மிய எழுத்துகளின் பெயரைச் சொல்லத் தொடங்கிய பிள்ளைக்குத் தமிழையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குழம்பிப்போகும் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். நான் கண்டது அதற்கு நேர்மாறு. இரண்டு எழுத்தும் பழைய பிராமி எழுத்திலிருந்து கிளைத்தவை. ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்காள் தங்கைகளைப் போன்றவை. முகச்சாயல் மாறியிருந்தாலும் பழக்கவழக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்.

பள்ளியில் ஆசிரியை 'கஜீ யேச்சா கா' என்று இழுத்துப் பாடி எழுத்துக்கூட்ட வைக்கிறார் அல்லவா? நாம் சொல்லும் 'க கால் கா' என்பது அதே முறைதான்; அந்த மெட்டிலேயே சொல்லிக்கொடுங்கள், பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் வளரும் பிள்ளைக்கும் ஆங்கிலம் மட்டும் படிக்கும் பிள்ளைக்கும் 'கெ' என்ற எழுத்தில் கொம்பு ஏன் முன்னால் நிற்கிறது, ஓசை ஏன் பின்னால் வருகிறது என்பது பெரும் புதிர். பர்மிய எழுத்திலும் ஏகார ஓசைக்கான குறி எழுத்துக்கு இடப்பக்கமே நிற்பதால் நம் பிள்ளைக்கு அது புதிரே இல்லை. அதே குறியை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் போட்டு நடுவில் எழுத்தை வைத்துப் பர்மியர் ஓகாரம் போன்ற ஓசையை எழுதுகிறார்கள். நம் 'கொ', 'கோ' கட்டப்பட்டிருப்பதும் அப்படித்தான். மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கும் புள்ளிக்கு ஈடாக அவர்கள் ஒரு கொக்கியைப் போடுகிறார்கள். அந்தக் கொக்கியின் பெயருக்கே 'கொல்வது' என்று பொருள். எழுத்துக்குள் இருக்கும் அகர உயிரை எடுத்துவிடுவதால் வந்த பெயர். 'புள்ளி வைத்தால் அகரம் போய்விடும்' என்று நான் சொன்னதும் அண்ணன் மகள் தானாகவே அந்தக் கொக்கியை எழுதிக் காட்டி 'இது மாதிரியா அத்தை?' என்று கேட்டாள்.

தமிழில் ஒரே ககரம் 'கல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிப்பதைக் கண்டு மிரளத் தேவையில்லை. 'பேச்சு' என்று பொருள்படும் பர்மியச் சொல்லைக் கஜீ போட்டுத்தான் எழுதுகிறார்கள். சொல்லும்போது அது தங்கத்தில் வரும் ககரமாக மெலிந்துதான் ஒலிக்கிறது. பிள்ளைக்கு இது பழகிய விஷயம், நினைவூட்டினால் போதும்.

இன்னும் ஒரு நன்மை. எழுத்துப் படம் போட்ட அட்டைகளில் 'ங' வரும் கட்டத்துக்குப் பொருத்தமான சொல் கிடைக்காமல், சங்கு படத்தைப் போட்டு நடுவில் வரும் எழுத்தைக் காட்டுவார்கள். நம் பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை. மீனுக்குப் பர்மியச் சொல் 'ஙா'. சமையலறையில் மூடிவைத்திருக்கும் மீன் விழுதோ 'ஙாப்பி'. ஙகரத்தைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் ஙாப்பி டப்பாவைத் திறந்து மூக்கருகே காட்டுங்கள். அந்த எழுத்தைப் பிள்ளை பிறகு மறக்காது.

முதலில் காது

விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பது நம் வழக்கம். அந்த நாளைத் தொடக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் மறுநாளே சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டாம். முதல் மூன்று நான்கு வாரம் காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள்.

சொல்லைத் துண்டாக்கிக் கைதட்டுவது முதல் விளையாட்டு. 'ம-ர-ம்' என்று மூன்று தட்டு. 'அம்-மா' என்று ஓசைக்கு இரண்டு தட்டு, பிறகு எழுத்துக்கு 'அ-ம்-மா' என்று மூன்று தட்டு. குறில் நெடிலுக்குக் கையை நீட்டுவது அடுத்தது: 'படம்' என்றால் கையை மடக்கியபடி ஒரு தட்டு, 'பாடம்' என்றால் 'பா' ஒலிக்கும் நேரம் முழுவதும் கையை விரித்து இழுக்க வேண்டும். கல், கால், பல், பால், எடு, ஏடு, கொடு, கோடு, முடி, மூடி. இந்தச் சோடிகளில் ஒன்றை நீங்கள் சொல்ல, பிள்ளை பொருளைச் செய்து காட்டட்டும். 'முடி' என்றால் தலைமயிரைத் தொட வேண்டும். 'மூடி' என்றால் பாத்திரத்தின் மூடியைத் தூக்க வேண்டும். காதில் தெளியாத வேறுபாடு கையில் எழுத்தாக வராது என்பதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

முதல் எழுத்துகள்

அண்ணனின் மூத்த மகனுக்குத் தொடங்கியபோது நான் ஒரு தவறு செய்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று 247 எழுத்தையும் அட்டையில் ஒட்டி, தினமும் வரிசையாக ஒப்பிக்க வைத்தேன். மூன்றே மாதத்தில் அவன் 'க, கா, கி, கீ' என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அட்டையின் நடுவில் விரலை வைத்து 'இது என்ன எழுத்து?' என்று கேட்டால், ககரத்திலிருந்து பாடிக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நின்று பதில் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது பாட்டு, எழுத்து அல்ல. வரிசை மனப்பாடம் வேண்டியதுதான், அகராதி பார்க்கப் பின்னாளில் உதவும். ஆனால் அது வாசிப்பின் தொடக்கம் ஆகாது.

அவன் தங்கைக்கு ட, ப, ம என்ற மூன்றோடு தொடங்கினேன். மூன்றும் நேர்கோட்டு எழுத்துகள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து கையை எடுக்காமல் வலப்பக்கம் ஒரு கோடு: ட. அந்தக் கோட்டின் நுனியிலிருந்து மேலே ஏறினால்: ப. ஏறிய கோடு உச்சியில் உள்ளே வளைந்து அடிக்கோட்டைத் தொட இறங்கினால்: ம. ஓர் எழுத்து அடுத்த எழுத்தாக வளர்வதைப் பிள்ளை கண்முன்னே பார்க்கிறது. பர்மியப் பகரம் மேலே திறந்த வட்டம். தமிழ்ப் பகரம் மேலே திறந்த பெட்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், வட்டமாகவே போகும் கையைப் பெட்டிக்குத் திருப்புவது எளிதாகிறது.

இந்த மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்த அன்றே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல்லைப் பிள்ளை படித்துவிடும். காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாட்டம், பாப்பா. அகரத்தையும் சேர்த்தால் அப்பா, அம்மா, அப்பம். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்லி, பிறகு ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: ப, ட, ம், பட-ம், படம். மெய்யை 'இக், இங்' என்று பெயர் சொல்லிப் பழக்கும் முறையை நான் தொடக்கத்தில் தவிர்க்கிறேன். 'ப, ட, இம்' என்று கூட்டினால் சேர்ந்து வருவது படம் ஆகாது. உதட்டை மூடி 'ம்' என்ற ஓசையை மட்டும் காட்டுங்கள். பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதன்பின் க, த, வ, ல, ர, ய, ச, ன என்ற வரிசையில் வாரத்துக்கு இரண்டு எழுத்து போதும். புதிய எழுத்து வந்தவுடன் பழைய எழுத்துகளோடு சேர்த்து எத்தனை சொல் வருகிறது என்று பாருங்கள். சொல் தராத எழுத்தை அவசரமாகக் கொண்டுவர வேண்டாம்.

குறிகளில் ா, ி, ீ, ெ, ே, ை ஆகியவை பெரும்பாலும் எல்லா எழுத்திலும் ஒன்றுபோல வருவதால் விரைவில் வந்துவிடும். உகரம்தான் பிள்ளையை நிறுத்திவைக்கிறது, ஏனென்றால் அது எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. நான் அவற்றை மூன்று குடும்பமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அடியில் கோடு நேராக இறங்குபவை சு, பு, யு, வு, ஙு. வலப்பக்கம் சுற்றி வளைபவை கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே போய் மேலே நிமிர்பவை து, நு, ணு, னு, லு, று, ஞு. ஒரு குடும்பத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஔகாரக் குறி அரிதாகத்தான் வரும். மௌல்மீன் என்று ஊர்ப்பெயரை எழுதும் நாளில் சொல்லிக்கொடுத்தால் போதும், அதன் வலப்பக்கத் துண்டு ளகரம் போலத் தோன்றினாலும் தனி எழுத்தல்ல என்பதையும் அன்றே சொல்லிவிடலாம். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றைப் பிள்ளையின் பெயரிலோ உறவினர் பெயரிலோ வரும்போது பழக்குங்கள்.

பர்மிய மொழி தராத இடங்கள்

நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் பர்மிய மொழியில் இல்லாத ஓசைகளில்தான். பர்மியச் சொல்லின் முடிவில் மூக்கொலியோ, தொண்டையில் சட்டென்று அடைபடும் ஒலியோ தவிர வேறு மெய் கேட்காது. எழுத்தில் கொக்கி போட்ட ககரமும் தகரமும் பகரமும் வரும். வாய் அவற்றைத் தனித்தனியாகச் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வரும் பிள்ளை, சொல்லின் கடைசியில் புள்ளி வைத்த எழுத்தை விழுங்கிவிடுகிறது.

அண்ணன் மகள் ஒருநாள் 'கல்' என்று நான் சொன்னதற்குச் சிலேட்டில் 'க' என்று மட்டும் எழுதினாள். 'கடைசியில ஒண்ணுமே கேக்கலையே அத்தை' என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் காதுக்கு அது கேட்கவில்லை. வாசலில் கிடந்த கல்லை எடுத்துவந்து கையில் கொடுத்து 'இது என்ன?' என்றேன். 'கல்லு' என்றாள். 'கல்லு' என்பதை எழுதச் சொன்னேன். க, ல், லு என்று சரியாக எழுதினாள். பிறகு கடைசி 'லு'வை விரலால் மறைத்து, மிஞ்சியதைப் படிக்கச் சொன்னேன். 'கல்' என்று நாக்கை மேலே ஒட்டியபடி நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தைத்தான் அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கல்லு, பல்லு, முள்ளு, கண்ணு, மண்ணு என்று நாம் வீட்டில் பேசும் உகரத்தைக் கொச்சை என்று ஒதுக்காதீர்கள். அந்த உகரத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை எழுத்துத் தமிழின் கடைசி மெய்யைக் கண்டுபிடிக்கிறது.

ஒற்று இரட்டிப்பதும் பர்மிய மொழியில் இல்லை. 'பட்டு' என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் ஒட்டி நிற்கிறது. 'படு' என்பதில் தொட்டு விலகிவிடுகிறது. கொடு, கொட்டு, எடு, எட்டு, விடு, விட்டு, இலை, இல்லை ஆகியவற்றைச் சொல்லும்போது, ஒட்டி நிற்கும் இடத்தில் பிள்ளை மூச்சைப் பிடித்து நிற்கட்டும். டகரத்துக்கு நாக்கின் நுனி பின்னால் மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும், தகரத்துக்கு நுனி பல்லைத் தொட வேண்டும். பத்து, பட்டு, கத்து, கட்டு, பாத்தி, பாட்டி என்று கண்ணாடியின் முன் நின்று சொல்லச் சொல்லுங்கள், தகரத்தில் நாக்கின் நுனி கண்ணுக்குத் தெரியும், டகரத்தில் தெரியாது.

ரகரம் இன்னொன்று. நாம் ரங்கூன் என்கிற ஊரைப் பர்மியர் யாங்கோன் என்கிறார்கள். அவர்கள் எழுதுவது பழைய ரகர எழுத்துத்தான், ஒலிப்பது யகரம். அந்தப் பழக்கத்தில் சில பிள்ளைகள் மரத்தை 'மயம்' என்று படிக்கிறார்கள். திருத்தும்போது சிரிக்க வேண்டாம். மரம், கரம், ஊர், தேர் என்று நாக்கைத் துடிக்கவிடும் சொற்களை விளையாட்டாகச் சொல்லிப் பழக்கினால் சில வாரத்தில் வந்துவிடும்.

பர்மிய மொழியைச் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதுவதில்லை. தொடருக்கு இடையில்தான் இடம் விடுகிறார்கள். ஆகவே பிள்ளை 'அம்மாகடைக்குப்போனாள்' என்று ஒரே மூச்சில் எழுதும். இது கவனக்குறைவு அல்ல, பள்ளியில் கற்ற முறை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு இடக்கைச் சுண்டுவிரலை வைத்து, விரலுக்கு அப்பால் அடுத்த சொல்லைத் தொடங்கச் சொல்லுங்கள்.

எழுத்துப்பிழை

தமிழில் ஓசையைக் கேட்டு எழுதினால் பெரும்பாலான சொற்கள் சரியாகவே வந்துவிடும். பிழை வருவது ரகர றகரத்திலும், லகர ளகர ழகரத்திலும், நகர னகர ணகரத்திலும், ஒற்று வரும் இடத்திலும்தான். இவற்றில் பாதிக்கு விதி இருக்கிறது; அந்த விதிகளை இலக்கணமாக அல்லாமல் கதையாகச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

முதல் கதை வாசற்படியைப் பற்றியது. ற, ன, ண, ள, ழ ஆகிய ஐந்தும் சொல்லின் வாசலில் நிற்பதில்லை. எனவே சொல்லின் முதலில் ந ஓசை கேட்டால் அது எப்போதும் ந. நாய், நரி, நிலா. முதலில் ர ஓசை கேட்டால் ர. ல ஓசை கேட்டால் ல. வாசலில் எது நிற்கும் என்ற சந்தேகமே இனி வராது.

இரண்டாவது கதை கூட்டாளிகள். ங் என்பவன் க என்பவனோடும், ஞ் ச-வோடும், ண் ட-வோடும், ந் த-வோடும், ம் ப-வோடும், ன் ற-வோடும் கைகோத்து வருவார்கள்: தங்கம், மஞ்சள், வண்டி, பந்து, பாம்பு, கன்று. டகரத்துக்கு முன்னால் மூக்கொலி கேட்டால் அது மூன்று சுழி ணகரமாகத்தான் இருக்கும். தகரத்துக்கு முன்னால் கேட்டால் நகரமாகத்தான் இருக்கும். றகரத்துக்கு முன்னால் கேட்டால் இரண்டு சுழி னகரமாகத்தான் இருக்கும். அண்ணன் மகன் 'வன்டி' என்று எழுதுவதை நிறுத்தியது இந்தக் கூட்டாளிக் கதையைக் கேட்ட பிறகுதான். அவன் கேட்ட கேள்வியும் நல்ல கேள்வி: 'அப்ப அன்புல ன்-க்குப் பக்கத்துல ப நிக்கிறானே?' னகரத்துக்கு வேறு நண்பர்களும் உண்டு. டகரத்துக்கும் தகரத்துக்கும் றகரத்துக்கும்தான் மாற்று ஆள் கிடையாது என்று சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாவது விதி பெரியவர்களுக்கும் வேண்டியது. க், ச், த், ப் ஆகிய நான்கும் தனக்குப் பின்னால் தன்னையே தவிர வேறு எழுத்தைச் சேர்ப்பதில்லை: பக்கம், பச்சை, பத்து, அப்பம். ட், ற் இரண்டும் மற்றவர்களோடு சேரும். ஆனால் இவை வந்துவிட்டால் உடனே இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி, கற்பனை, நட்பு. முயற்சியில் ஒரு சகரம் கூடுதலாகப் போடும் பிழையைக் கோயில் அறிவிப்புப் பலகைகளில்கூடப் பார்க்கிறேன். பிள்ளைக்கு ஏழெட்டு வயதிலேயே பழக்கிவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் வராது. ரகரமும் ழகரமும் ஒருபோதும் இரட்டிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரட்டித்துக் கேட்டால் அது காற்று, நேற்று, வெற்றி என்று றகரமே.

விதி உதவாத இடம் ல, ள, ழ. பழத்தை 'பளம்' என்றும் வாழையை 'வாளை' என்றும் நம் வீட்டுப் பேச்சே மாற்றிவிட்டது. ஆகவே முதலில் நாம் திருந்த வேண்டும். குறைந்தது எழுத்து சொல்லிக்கொடுக்கும் அந்தக் கால்மணி நேரமாவது ழகரத்தை ழகரமாகச் சொல்ல வேண்டும். லகரத்துக்கு நாக்கு பல்லுக்குச் சற்றுப் பின்னால் தொடும். ளகரத்துக்கு நுனி மடிந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு நுனி மடிந்து எதையும் தொடாமல் நிற்கும். பிறகு பொருளோடு சேர்த்துச் சோடிகளை ஒட்டிவைக்க வேண்டும்: புலி, புளி, பல்லி, பள்ளி, கிளி, கிழி, வலி, வழி, தலை, தழை. அரை, அறை, கரி, கறி, மரம், மறம், மனம், மணம், பனி, பணி என்பவையும் அப்படியே. சமையலறைப் புளி டப்பாவில் பிள்ளையே எழுதிய 'புளி' சீட்டை ஒட்டுங்கள். தினமும் பார்க்கும் சொல் கண்ணில் பதிந்துவிடும். காது காட்டிக்கொடுக்காத இடத்தில் கண் காட்டிக்கொடுக்கும்.

கையெழுத்து

சிலேட்டும் பலப்பமும் இன்னும் நம் கடைகளில் கிடைக்கின்றன, அவையே சிறந்தவை. பலப்பம் உரசும்போது கைக்கு ஒரு தடை கிடைப்பதால் பிள்ளையின் கோடு வழுக்கிப்போவதில்லை. விரல்நீளத்தில் உடைந்த துண்டுப் பலப்பத்தைக் கொடுங்கள். நீளமானதைக் கொடுத்தால் முஷ்டியாகப் பிடிக்கும், துண்டைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டுமே பிடிக்க முடியும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்ற வேண்டாம். சிலேட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்துவைத்தால் தான் எழுதியது அதற்கே தெரியும்.

நேர்கோட்டு எழுத்தை மேல் இடப்பக்கத்தில் தொடங்க வேண்டும். சுழியுள்ள எழுத்தைச் சுழியில் தொடங்க வேண்டும். பர்மிய எழுத்து எழுதிப் பழகிய பிள்ளை தமிழ் எழுத்தையும் வட்டமாக உருட்டும். மூலைகளில் கை நிற்க வேண்டும் என்று பலமுறை காட்ட வேண்டியிருக்கும். னகரத்தையும் ணகரத்தையும் எழுதும்போது சுழியை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ரகரத்தின் அடியில் சாய்ந்த வால் அவசியம் வேண்டும். வால் இல்லாவிட்டால் அது துணைக்கால் ஆகிவிடும், 'மரம்' என்று எழுதியதைப் படிப்பவர் 'மாம்' என்று படிப்பார். இந்த ஒரு எடுத்துக்காட்டைப் பிள்ளையிடம் எழுதியே காட்டுங்கள். வால் எதற்கு என்று அதற்கே விளங்கிவிடும்.

நோட்டுப் புத்தகத்துக்குப் போகும்போது இரட்டைக்கோடு போட்டது நல்லது. ஓர் எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதச் சொல்வதில் பயன் இல்லை. ஐந்தாவது எழுத்துக்குப் பிறகு கை தளர்ந்து உருவம் கெடுகிறது. நான்கு முறை எழுதி, அவற்றில் எது அழகாக வந்திருக்கிறது என்று பிள்ளையையே தேர்ந்தெடுத்து வட்டமிடச் சொல்லுங்கள்.

அன்றாடம்

ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அது தினமும் நடக்க வேண்டும். மின்சாரம் போய்விடும் மாலையை நம்பாமல், பள்ளிக்குப் புறப்படும் முன் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்வது எனக்குச் சரிப்பட்டது. ஐந்து நிமிடம் முந்தைய நாள் சொற்களைப் படிப்பது, ஐந்து நிமிடம் புதியது, ஐந்து நிமிடம் சொல்வதெழுதுதல். சொல்வதெழுதுதலில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்; அவற்றில் மூன்று பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருக்கட்டும். பிழையின்மேல் சிவப்புக் கோடு போடாமல், சொல்லைக் கீழே சரியாக எழுதி 'இரண்டையும் பார், எங்கே மாறியிருக்கிறது?' என்று கேளுங்கள். பிள்ளையே கண்டுபிடித்த பிழை திரும்ப வருவது குறைவு.

படிப்பதற்குப் பாடநூல் கிடைக்கவில்லை என்று வருந்துபவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். தமிழ் நாள்காட்டியின் தாள், கோயில் விழா அழைப்பு, திருமணப் பத்திரிகை, கடையில் தமிழ் அச்சிட்ட மசாலாப் பொட்டலம் எல்லாம் பாடம்தான். வாரத்துக்கு ஒருநாள் கடைச்சீட்டைப் பிள்ளையே எழுதட்டும்: அரிசி, பருப்பு, புளி, மிளகாய், தேங்காய். அண்ணன் மகள் எழுதிய முதல் கடைச்சீட்டில் 'மிலகாய்' என்று இருந்தது. கடைக்காரரான தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து, மிளகாயைக் கட்டிக் கொடுத்து, சீட்டில் ளகரத்தைத் திருத்தி எழுதி அனுப்பினார். வேறு ஊரில் இருக்கும் பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதி, படம் பிடித்து வைபர் செயலியில் அனுப்பினால், பாட்டியும் தாளில் எழுதிப் படமாகத் திருப்பி அனுப்பட்டும். அச்செழுத்தை மட்டும் படித்த பிள்ளைக்கு மனிதர்களின் கையெழுத்தைப் படிக்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

வீட்டில் தாத்தா காலத்துப் பாட்டுப் புத்தகமோ கணக்கு நோட்டோ இருந்தால், அதைக் கொடுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவையுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரக் கொம்பு எழுத்தின் தலையிலேயே துதிக்கை போல வளைந்து ஒட்டியிருக்கும், றா, ணா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுருண்டிருக்கும். றொ, றோ முதலியவற்றிலும் அந்தச் சுருள் வரும். எல்லாம் சேர்த்து 13 எழுத்துகள்தான். பழைய வடிவத்தை ஒரு தாளில் இடப்பக்கமும் இன்றைய வடிவத்தை வலப்பக்கமும் எழுதி அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டால், பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்துத் தானே படித்துக்கொள்ளும்.